வாசல் துணியும் வணிகர் பெயரும்
ஜப்பானியரின் ‘நோரென்’ சொல்லும் பாடம்

காலையில் கடை திறந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ஷட்டரைத் தூக்கி, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுவத்தி ஏற்றி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்காருகிறோம். ஜப்பான் நாட்டில் பழைய முறை மாறாத கடைக்காரர் ஒரு கழியில் கோத்த துணியை உள்ளிருந்து எடுத்து வந்து வாசல் நிலையின் மேல் மாட்டுகிறார். துணி தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். இரவு அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. நடுவில் கீறிவிட்டு, இரண்டு மூன்று பட்டைகளாகத் தொங்கும் அந்தத் துணிக்கு ‘நோரென்’ என்று பெயர். உள்ளே போகிறவர் அதைக் கையால் விலக்கித் தலையைச் சற்றுக் குனிந்து நுழைவார்.

இது வெறும் துணிதானே என்று நினைத்துவிடக் கூடாது. இதே ‘நோரென்’ என்ற சொல் இன்று ஜப்பானியக் கம்பெனிகளின் ஐந்தொகையில் கோடிக்கணக்கான யென்னுக்கு ஒரு சொத்தாக எழுதப்படுகிறது. கதவுத் துணி எப்படிக் கணக்குப் புத்தகத்துக்குள் போனது? அந்தக் கதை நம்மைப் போன்ற மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் மிகவும் வேண்டிய கதை என்பதால் இங்கே எழுதுகிறோம்.

குளிருக்குக் கட்டிய துணி

நோரென் என்ற சொல்லை எழுதும் இரண்டு சீன எழுத்துகளில் முதலாவதற்கு ‘வெதுவெதுப்பு’ என்றும், அடுத்ததற்குத் ‘திரை’ என்றும் பொருள். ஜென் பௌத்த மடங்களில் குளிர்காலத்தில் வாடைக் காற்று உள்ளே வராமலிருக்க வாசலில் கட்டிய திரைக்கு இந்தப் பெயர் இருந்தது. சீனத்திலிருந்து மடத்தோடு வந்த சொல், ஜப்பானியர் வாயில் ‘நோன்ரென்’ ஆகி, பிறகு ‘நோரென்’ ஆயிற்று.

சொல் வருவதற்கு முன்பே துணி இருந்தது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த படச்சுருள்களில் சாதாரண வீட்டு வாசல்களில் இப்படிப்பட்ட துணி தொங்குவதைக் காணலாம். வெயில், காற்று, தூசி, தெருவில் போகிறவர் பார்வை ஆகியவற்றைத் தடுக்க அது பயன்பட்டது. கடைக்காரருக்கு இதில் தனி லாபம் உண்டு. சரக்கின் மேல் வெயில் படாது, புழுதி படியாது. தெருவோரக் கடைகளில் கூரையிலிருந்து தரைவரை பெரிய துணியை இறக்கி, கீழ் முனையைக் கல்லில் கட்டி நிறுத்துவார்கள். காற்றடித்தால் அது முரசு போல ஒலிக்கும் என்பதால் அதற்கு ‘முரசு நோரென்’ என்றே பெயர். மாலை வெயிலுக்குச் சாக்கோ தார்ப்பாயோ இறக்கிக் கட்டும் நமக்கு இது புரியாத விஷயம் அல்ல.

துணியே பெயர்ப்பலகை

இருக்கிற துணியில் ஓர் அடையாளத்தைப் போட்டால் என்ன என்று யாரோ ஒரு வணிகருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் கியோத்தோ நகரத்தைக் காட்டும் ஓவியத் திரைகளில் கடைத் துணிகளின் மேல் விதவிதமான சின்னங்கள் காணப்படுகின்றன. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் படம் பார்த்துக் கடையை அடையாளம் கண்டுகொள்ளலாம். நம்மூரில் பெயரைப் படிக்காமலே ‘யானை மார்க் கொடு, சேவல் மார்க் கொடு’ என்று கேட்டு வாங்கிப் போனவர்களை நாம் அறிவோம். இது அதே கதைதான்.

எடோ காலம் என்று சொல்லப்படும் 1603 முதல் 1868 வரையிலான காலத்தில் பருத்தித் துணியும் அவுரி நீலச் சாயமும் பெருகின. எழுத்தறிவும் வளர்ந்தது. நீலத் துணியில் வெள்ளையாகக் கடையின் சின்னமும் பெயரும் தெரியும்படி சாயமேற்றித் தொங்கவிடும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. அதன் பிறகு நோரென் என்றால் திரை என்ற பொருள் பின்னுக்குப் போய், ‘கடையின் பெயர்’ என்ற பொருள் முன்னுக்கு வந்துவிட்டது.

பெயர் எதனால் வந்தது?

துணியில் பெயரைப் போட்டுவிட்டால் மதிப்பு வந்துவிடுமா? வராது. பெயருக்குப் பின்னால் ஒரு நடைமுறை வேண்டும். இதற்குச் சிறந்த உதாரணம் மிட்சுய் தகதோஷி என்ற வணிகர். 1673-ல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அவர் ‘எச்சிகோயா’ என்ற பெயரில் ஜவுளிக் கடை திறந்தார்.

அந்தக் காலத்துப் பெரிய ஜவுளி வியாபாரிகள் பணக்காரர் வீடுகளுக்குச் சரக்கைக் கொண்டுபோய்க் காட்டி, கடனுக்கு விற்று, ஆண்டுக்கு ஓரிரு முறை வசூல் செய்வார்கள். வசூலாகாத பாக்கியும் வட்டியும் விலையிலேயே ஏறியிருக்கும். ஆளுக்கு ஒரு விலை. பேரம் பேசத் தெரிந்தவருக்கு லாபம். மிட்சுய் இதை அடியோடு மாற்றினார். ‘கடைக்கு வாருங்கள், ரொக்கம் கொடுங்கள், சொன்ன விலைதான், ஏற்றிச் சொல்வதில்லை’ என்றார். முழுச் சுருளாகத்தான் விற்பது என்ற வழக்கத்தையும் விட்டு, வேண்டிய அளவு வெட்டிக் கொடுத்தார். சக வணிகர்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஜனங்களோ கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எழுத்தாளர் சைகாக்கு 1688-ல் வெளியிட்ட வணிகர் கதைத் தொகுப்பில் இந்தக் கடையைப் பற்றி எழுதும் அளவுக்குப் புகழ் பரவிற்று. அந்தக் கடைதான் 1904-ல் ‘மிட்சுகோஷி’ என்ற பல்பொருள் அங்காடியாக மாறி இன்றும் நடக்கிறது.

குழந்தையை அனுப்பினாலும் அதே விலை, பெரியவர் வந்தாலும் அதே விலை என்ற நம்பிக்கைதான் அந்தத் துணியின் மதிப்பு. சாயக்காரரிடம் கொடுத்தால் துணி நான்கு நாளில் வந்துவிடும். நம்பிக்கை வர இருபது வருடம் ஆகும்.

துணியைப் பங்கு கொடுப்பது

நம் மனத்தை அதிகம் தொட்ட வழக்கம் இதுதான். ‘நோரென் வாக்கே’ என்பார்கள். நோரெனைப் பிரித்துக் கொடுப்பது என்று பொருள்.

அந்தக் காலத்தில் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன் கடையில் சேர்ந்தால் அவனுக்குத் ‘தெச்சி’ என்று பெயர். பெருக்குவது, தண்ணீர் தெளிப்பது, எடுபிடி வேலை, இரவில் எழுத்தும் கணக்கும் படிப்பது அவன் பொழுது. சம்பளம் கிடையாது, சாப்பாடும் துணியும் உண்டு. வீட்டுக்குப் போய் வர ஆண்டில் இரண்டே முறை விடுமுறை. வளர்ந்ததும் ‘தெதாய்’ ஆவான். கொள்முதல், விற்பனை, வசூல் பார்ப்பான். அதற்கும் மேலே ‘பாந்தோ’. கடை முழுவதும் அவன் பொறுப்பு. இப்படி இருபது ஆண்டு போல உழைத்து, நாணயமானவன் என்று பெயர் எடுத்தவனுக்கு முதலாளி ஒருநாள் முதலும் சரக்கும் வாடிக்கையும் கொடுத்து, தன் கடைப் பெயர் போட்ட நோரெனையும் கொடுத்து, ‘நீ தனியாகக் கடை வை’ என்று அனுப்புவார். புதுக் கடை கிளைவீடு. பழைய கடை தாய்வீடு. விசேஷ நாள்களில் கிளைவீட்டார் தாய்வீட்டுக்கு வந்து மரியாதை செய்வார்கள். தாய்வீட்டுக்குக் கஷ்டம் என்றால் துணை நிற்பார்கள்.

இதில் இருட்டுப் பக்கமும் இருந்தது. சேர்ந்த பையன்களில் பலர் பாதியிலேயே விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள். கடைசிவரை நின்று துணி வாங்கியவர் சிலரே. சிறுவரை வேலைக்கு வைப்பதையும், தொழில் பழக்குகிறோம் என்று சொல்லி வேலைக்காரரைக் கசக்குவதையும் 1947-ல் வந்த ஜப்பானியத் தொழிலாளர் தர நிர்ணயச் சட்டம் தடுத்தது. தடுத்தது சரியே. நம் நாட்டிலும் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பது குற்றம்.

ஆனால் உழைத்தவனுக்குப் பெயரில் பங்கு என்ற கருத்து மட்டும் சாகவில்லை. 1978-ல் நகோயா அருகே தொடங்கிய ‘கோகோ இச்சிபன்யா’ என்ற கறிச்சோற்றுக் கடை இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கிறது. 2020-ல் நம் நாட்டுக்கும் வந்தது. ஜப்பானில் அதன் கிளை உரிமையைப் பணம் வைத்திருக்கும் எவருக்கும் விற்பதில்லை. கடையில் ஊழியராகச் சேர்ந்து, சோறு பரிமாறி, படிப்படியாகத் தேர்ச்சி பெற்றவருக்குத்தான் தனிக் கடை. பழைய நோரென் வாக்கேயின் புது வடிவம் இது.

வாய்ப் பேச்சில் நோரென்

ஒரு சொல் மக்கள் வாழ்க்கையில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை வழக்குப் பேச்சு காட்டிவிடும். ஜப்பானியர் ‘நோரெனை இறக்கினார்’ என்றால் அன்றைக்குக் கடை அடைத்தார் என்றும் பொருள். தொழிலையே மூடிவிட்டார் என்றும் பொருள். ‘நோரெனில் காயம் பட்டது’ என்றால் கடையின் பெயர் கெட்டது. ‘நோரெனைக் காக்கிறார்’ என்றால் முன்னோர் வைத்த பெயரைக் கெடாமல் நடத்துகிறார். கயிறுகளைத் தொங்கவிட்ட ‘கயிற்று நோரென்’ என்றாலே மலிவான மதுக்கடை என்று புரிந்துகொள்வார்கள். ‘நோரெனைக் கையால் தள்ளியது போல’ என்று ஒரு பழமொழி உண்டு. எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் துணி வளைந்து கொடுக்குமே தவிர ஒன்றும் ஆகாது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

பெரிய கடைகள் வந்தபோது இந்தப் பழைய பெயர்களுக்குத் தேவை குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி 1951-ல் ‘நோரென் தெரு’ என்ற பகுதியைத் திறந்தது. புகழ்பெற்ற பழைய பலகாரக் கடைகளையும் தின்பண்டக் கடைகளையும் அழைத்து, அவரவர் பெயரிலேயே வியாபாரம் செய்ய இடம் கொடுத்தது. அந்த அங்காடிக் கட்டடம் 2020-ல் மூடப்பட்டது. அது தொடங்கி வைத்த முறையோ நாடு முழுவதும் பரவிவிட்டது. கட்டடமும் முதலும் பெரியவரிடம் இருந்தன. ஜனங்கள் நம்பி வாங்கிய பெயர் சிறு வணிகரிடம் இருந்தது.

ஐந்தொகையில் ஒரு வரி

இனி கணக்கு விஷயத்துக்கு வருவோம். ஒரு கடையில் சரக்கு, தட்டுமுட்டுச் சாமான், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்தால் 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒருவர் 50 லட்சம் கொடுத்து வாங்குகிறார். மீதி 20 லட்சம் எதற்கு? கடைப் பெயருக்கு, நாளைக் காலையிலும் அதே வாடிக்கையாளர் வருவார் என்ற நம்பிக்கைக்கு. இதை நாம் ‘குட்வில்’ என்கிறோம். நம் பிள்ளைகளின் கணக்குப் பதிவியல் பாடநூல் ‘நற்பெயர்’ என்கிறது. ஜப்பானியச் சட்டமும் கணக்கு விதியும் அதற்கு வைத்திருக்கும் பெயர் நோரென்.

வாங்கிய நோரெனை அதிகபட்சம் 20 ஆண்டுகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவில் எழுதித் தீர்க்க வேண்டும் என்பது ஜப்பானியக் கணக்கு விதி. சர்வதேச விதியோ, ஆண்டுதோறும் எழுத வேண்டியதில்லை, மதிப்பு இறங்கியிருக்கிறதா என்று சோதித்து, இறங்கியிருந்தால் ஒரேயடியாகக் குறையுங்கள் என்கிறது. நம் நாட்டில் பெரிய கம்பெனிகளுக்கான இந்தியக் கணக்கு விதியும் பின்னதைப் போன்றதே. இரண்டு முறையிலும் ஒன்று பொது. விலைக்கு வாங்கிய பெயரைத்தான் சொத்தாக எழுதலாம். நாமே நாற்பது வருடம் பாடுபட்டு வளர்த்த பெயரை நம் புத்தகத்தில் ஒரு ரூபாய்க்குக்கூட எழுத முடியாது.

அதிக விலை கொடுத்து வாங்கிய பெயர் ஆளையே கவிழ்த்த கதையும் உண்டு. தோஷிபா கம்பெனி 2006-ல் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க அணு உலைக் கம்பெனியின் 77 சதவீதப் பங்கை 540 கோடி டாலருக்கு வாங்கியது. கைக்கு வந்த சொத்து குறைவு. கொடுத்த விலை அதிகம். நடுவில் இருந்தது நோரென். 2016-ல் அதில் சுமார் 26,000 கோடி யென் மதிப்பு போயிற்று என்று எழுத நேர்ந்தது. வெஸ்டிங்ஹவுஸ் அதற்கிடையில் வாங்கியிருந்த கட்டுமானக் கம்பெனியால் அடுத்த அடி விழுந்தது. 2017 மார்ச்சில் வெஸ்டிங்ஹவுஸ் திவால் மனு கொடுத்தது. தோஷிபாவின் பங்குகள் 2023 டிசம்பரில் டோக்கியோ பங்குச் சந்தையை விட்டே வெளியேறின.

பெயரோடு கடனும் வரும்

ஜப்பானிய வணிகச் சட்டத்தில் நமக்குப் பிடித்த இரண்டு விதிகள் உண்டு. கடையை விற்றவர், வேறு பேச்சு இல்லாவிட்டால், அதே ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் 20 ஆண்டுகளுக்கு அதே தொழிலைச் செய்யக் கூடாது. வாங்கியவர் பழைய கடையின் பெயரையே தொடர்ந்து வைத்துக்கொண்டால், விற்றவர் அந்தக் கடைக்காகப் பட்ட கடனுக்கும் பொறுப்பாவார். ‘கடனுக்கு நான் பொறுப்பல்ல’ என்று தாமதிக்காமல் பதிவு செய்தாலோ, கடன் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்தாலோதான் தப்பலாம். பெயரின் சுகத்தை அனுபவிப்பவன் பெயரின் சுமையையும் சுமக்க வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது.

கறை பட்ட துணிகள்

2007ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானிய மக்கள் அந்த ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ‘போலி’ என்று பொருள்படும் எழுத்து. உணவுப் பொருள் கடைகளின் மோசடிகள் அடுத்தடுத்து வெளிவந்ததே காரணம். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறோம்.

இசே என்ற ஊரில் ஜப்பானியரின் பெரும் புண்ணியத் தலம் இருக்கிறது. அங்கே 1707 முதல் நடப்பதாகச் சொல்லும் ‘அகாஃபுக்கு’ என்ற பலகாரக் கடை உண்டு. அரிசிமாவு உருண்டையின் மேல் இனிப்புப் பயற்று விழுது வைத்த பண்டம். பழனிக்குப் போனால் பஞ்சாமிர்தம் வாங்காமல் வருவோமா? அதுபோல இசேக்குப் போனவர் இதை வாங்காமல் திரும்புவதில்லை. 300ஆம் ஆண்டு நிறைவு நடந்த அதே 2007-ல், விற்காத பண்டத்தைக் குளிரில் உறைய வைத்து, பிறகு எடுத்து, எடுத்த நாளையே தயாரித்த நாளாக அச்சிட்டு விற்றது வெளியாயிற்று. அக்டோபரில் அரசு கடையை நிறுத்தி வைத்தது. முறைகளைத் திருத்திக்கொண்டு 2008 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். அந்தத் துணி மறுபடியும் தொங்குகிறது.

இரண்டாவது கதை இன்னும் கசப்பானது. யுக்கி தெய்இச்சி என்ற சமையல் கலைஞர் 1930-ல் ஓசாகாவில் ‘கிச்சோ’ என்ற உணவகத்தைத் தொடங்கி, நாட்டிலேயே முதல் வரிசைக்குக் கொண்டுவந்தார். 1991-ல் மகனுக்கும் மருமகன்மார்களுக்குமாக அதைத் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரித்துக் கொடுத்தார். பெயர் எல்லோருக்கும் ஒன்று. அவற்றில் ‘சென்பா கிச்சோ’ என்ற ஒன்றில், தேதி கடந்த இனிப்பை விற்றதும், வேறு மாட்டிறைச்சியை உயர்ந்த ரகம் என்று ஏமாற்றியதும் 2007-ல் வெளிவந்தன. 2008 மே மாதத்தில், ஒரு விருந்தாளி தொடாமல் மிச்சம் வைத்ததை அடுத்த விருந்தாளிக்குப் பரிமாறியதும் தெரிந்தது. அந்த மாதமே கடையை மூடினார்கள். நல்லவேளையாக மற்றக் கிச்சோ கடைகள் நிலைத்தன. ஆனால் துணியைப் பங்கு போட்டவர்களுக்குக் கறையும் பங்கு உண்டு என்பதை அந்த ஊர் பார்த்துவிட்டது.

இரண்டு இடத்திலும் குற்றம் எங்கே நடந்தது? பெட்டியின் மேல் அடிக்கும் தேதியில்; ஒட்டும் சீட்டில். நாம் அன்றாடம் கையாளும் விஷயம்தான். தேதி முடியும் பிஸ்கட் பெட்டியை முன் வரிசைக்கு நகர்த்துவது வியாபாரம். தேதியை அழிப்பது தன் கடைப் பெயரைத் தானே அழிப்பது.

நாம் செய்ய வேண்டியவை

பங்காளிகள் பிரியும்போது சங்கத்துக்குப் பஞ்சாயத்துக்கு வரும் வழக்குகளை நாம் பார்த்து வருகிறோம். சரக்கைப் பிரிப்பதில் தகராறு இல்லை; நிறுத்துப் பங்கு போட்டுவிடலாம். கிடங்கைப் பிரிப்பதிலும் வழி உண்டு. ‘அப்பா வைத்த பெயர் யாருக்கு?’ என்ற இடத்தில்தான் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எதிரெதிர்க் கடையில் ஒரே பெயரைப் போட்டுக்கொண்டு, ‘இதுதான் ஒரிஜினல்’ என்று போர்டு வைக்கிறார்கள்.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், நற்பெயரும் கூட்டுச் சொத்தில் சேர்ந்தது. கூட்டு கலைந்து பெயர் விற்கப்பட்டால், பழைய பங்காளி தனிக் கடை போடலாம். பழைய பெயரைப் போடக் கூடாது. பழைய வாடிக்கையாளரைத் தேடிப்போய் இழுக்கவும் கூடாது. ஆகவே பங்குப் பத்திரம் எழுதும்போதே, பிரிந்தால் பெயர் யாருக்கு, மற்றவருக்கு ஈடு எவ்வளவு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். சொந்த மார்க் போட்டுப் பருப்போ, பொடியோ, எண்ணெயோ விற்பவர்கள் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. நம்மில் பலருடைய பிள்ளைகள் படித்து வெளியூர், வெளிநாடு போய்விட்டார்கள். கடைக்கு வரமாட்டார்கள். அது அவர்கள் குற்றம் அல்ல. படிக்க வைத்தது நாம்தான். நமக்குப் பிறகு கடையை யார் திறப்பது? பதினெட்டு வயதில் சேர்ந்து, இருபத்தைந்து வருடமாக எந்த வீட்டில் எந்த அரிசி, எந்த மண்டியில் என்ன விலை என்பதை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆள் ஒருவர் நம் கடையிலேயே தராசுக்குப் பின்னால் நிற்கிறார். வாடிக்கையாளர் பாதிப் பேருக்கு நம்மைவிட அவரைத்தான் தெரியும். நம் கடைப் பெயரில் அவர் உழைப்பும் கலந்திருக்கிறது. கடையை மூடி, ரேக்கைப் பழைய விலைக்குத் தள்ளிவிட்டு, அவர் கையில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்புவதா? முறையாகப் பத்திரம் எழுதி, சரக்கைக் கணக்கிட்டுத் தவணையில் கட்டச் சொல்லி, பெயரையும் கொடுத்து உட்கார வைப்பதா? ஜப்பானிய வணிகர்களில் நல்லவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள். அதனால்தான் முதலாளியின் பெயர் அவர் குடும்பத்தையும் தாண்டி நின்றது.

வணிக நண்பர்களே, இந்த நிதியாண்டுக் கணக்கை முடிக்கும்போது இதையும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பேரேட்டில் ஏறாத சொத்து அது. யாருக்கு என்று நாம் சொல்லாமல் போனால் யாருக்கும் இல்லாமல் போய்விடும்.